காற்றில் மிதக்கும் துகள்கள்: கொச்சி நகரின் அனுபவம்

கொச்சி நகரின் மேற்குப் பகுதியில், மட்டாஞ்சேரிக்குத் தெற்கே, கடலுக்கும் காயலுக்கும் இடைப்பட்ட தாழ்நிலத்தில் அமைந்துள்ளது பள்ளுருத்தி. முன்னர் தனி ஊராட்சியாக விளங்கிய இவ்வூர், 1967 நவம்பர் முதல் நாளன்று கொச்சி மாநகராட்சி உருவானபோது, ஃபோர்ட் கொச்சி, மட்டாஞ்சேரி, எர்ணாகுளம் ஆகிய நகராட்சிகளுடனும் வேறு சில ஊராட்சிகளுடனும் ஒன்றாக அதனுள் இணைக்கப்பட்டது. தோப்பும்படியிலிருந்து இடக்கொச்சி வழியாக அரூருக்குச் செல்லும் சாலை இதனை ஊடறுத்துச் செல்கிறது. ஏலூரிலும் அம்பலமுகளிலும் காணப்படுவன போன்ற பேராலைகள் இங்கு இல்லை. பிற்பகலில் கடற்காற்று வீசுகிறது. மழைக்காலத்திலோ வானமே கழுவிவிடப்படுகிறது. ஆகவே, காற்றில் தூசு மிகுதல் என்பது தில்லி, கான்பூர் முதலிய வடபுல நகரங்களுக்கு உரிய தொல்லை என்றும், கடலோர ஊர்களுக்கு அக்கவலை வேண்டியதில்லை என்றும் பொதுமக்களும் அலுவலர்களும் நெடுங்காலம் எண்ணியிருந்ததில் வியப்பில்லை.

2023 மார்ச் மாதம் இவ்வெண்ணத்தை மாற்றியது. அம்மாதம் 2ஆம் நாள் பிற்பகல், நகரின் கிழக்கே உள்ள பிரம்மபுரம் குப்பைக் கிடங்கில் தீப்பிடித்தது. ஆண்டுக்கணக்கில் குவிந்து கிடந்த பிளாஸ்டிக் கலந்த குப்பை மேடுகள் எரியத் தொடங்கின. மேற்பரப்பில் நீர் பாய்ச்சியபோது சுடர் அடங்கிற்று. ஆனால் அடியில் கனல் நீடித்தது. தீயணைப்புப் படையினருடன் கடற்படையும் விமானப்படையும் ஹெலிகாப்டர்கள் கொண்டு உதவின. இறுதியில், மண்வாரி இயந்திரங்களால் குப்பையைக் கிளறித் திறந்து, அடுக்கடுக்காக நீர் செலுத்தியே தீயை அணைக்க முடிந்தது. மார்ச் 13ஆம் நாளன்றுதான் தீ முற்றிலும் அடங்கியதாக அறிவிக்கப்பட்டது. பன்னிரண்டு நாட்கள் நகரின் பல பகுதிகள் புகை மூட்டத்தில் இருந்தன. மாநகராட்சியிலும் அண்டை உள்ளாட்சிகளிலும் ஒன்று முதல் ஏழாம் வகுப்பு வரையிலான பள்ளி வகுப்புகளுக்கு விடுமுறை விடப்பட்டது. வெளியே செல்வோர் என்-95 முகக்கவசம் அணியுமாறு அறிவுறுத்தப்பட்டனர். மூச்சுத் திணறல், இருமல், கண்ணெரிச்சல் ஆகியவற்றுக்காக ஆயிரத்திற்கும் மேற்பட்டோர் மருத்துவ உதவி நாடினர்.

பள்ளுருத்தியிலிருந்து பிரம்மபுரம் வான்வழியில் பதினைந்து கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவிலேயே உள்ளது. மாநகராட்சியின் பிற பகுதிகளைப் போலவே பள்ளுருத்தி வீடுகளின் கழிவும் அங்கேதான் சென்று சேர்ந்து வந்தது. மேற்குக் கரையிலிருந்து லாரியில் ஏறிக் கிழக்கே சென்ற பொருள், காற்றில் ஏறி மேற்கு நோக்கித் திரும்பியது எனலாம். இது வெறும் உவமையன்று. கடலோர ஊர்களில் பகலில் கடலிலிருந்து நிலத்தை நோக்கிக் காற்று வீசும். இரவில், நிலம் கடலைவிட விரைவாகக் குளிர்வதால், நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். கோடைத் தொடக்கத்தில் இரவிலும் விடியலிலும் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்து, மேலுள்ள வெப்பக் காற்றின் கீழ் மூடியிட்டாற்போல் தேங்கி நிற்கும். அவ்வேளையில் எழும் புகை மேலே கலைந்து செல்ல வழியின்றித் தரையோடு தவழ்ந்து செல்லும். அந்நாட்களில் விடியற்காலை மூட்டம் கடுமையாகவும், பிற்பகலில் சற்றே தணிந்தும் காணப்பட்டதன் காரணம் இதுவே.

எடையும் பருமனும்

காற்றில் மிதக்கும் திண்மத் துகள்களும் நுண் திவலைகளும் சேர்ந்ததே துகள் மாசு எனப்படுகிறது. இவற்றின் பருமனை மைக்ரான் கணக்கில் அளப்பர். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான். மனிதத் தலைமயிரின் தடிமன் சுமார் 50 முதல் 70 மைக்ரான் வரை இருக்கும். பத்து மைக்ரானும் அதற்குக் குறைவானதுமான துகள்கள் ஒரு வகையாகவும், அவற்றுள்ளும் இரண்டரை மைக்ரானுக்கு உட்பட்டவை மற்றொரு வகையாகவும் கணக்கிடப்படுகின்றன. பின்னதை நுண்துகள் என வழங்குவது மரபாகிவிட்டது.

இந்தப் பாகுபாடு ஏன் தேவைப்பட்டது என்பதைப் புரிந்துகொள்ளச் சிறு கணக்கொன்று போதும். காற்று அசையாத ஓர் அறையில், நீரின் அடர்த்தி கொண்ட பத்து மைக்ரான் துகள் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து தரையை அடைய ஐந்தாறு நிமிடங்கள் ஆகும். ஒரு மைக்ரான் துகளுக்கு அதே தொலைவைக் கடக்க ஏறத்தாழ எட்டு மணி நேரம் தேவை. திறந்த வெளியிலோ சிறிதளவு காற்றசைவே அதனைக் கீழிறங்க விடாது. லாரி கிளப்பும் செம்மண் தூசு சாலையோரத்து வாழையிலையில் படிந்துவிடுகிறது. அதே லாரியின் டீசல் புகையிலுள்ள கரித்துகள் நாட்கணக்கில் மிதந்து மாவட்ட எல்லைகளைக் கடந்து செல்கிறது. கண்ணுக்குத் தெரிவது அருகிலேயே விழுந்துவிட, தெரியாததே நெடுந்தூரம் பயணம் செய்கிறது.

மற்றொரு கணக்கும் உண்டு. பத்து மைக்ரான் துகள் ஒன்றின் எடை, அதே பொருளாலான ஒரு மைக்ரான் துகள்கள் ஆயிரத்தின் எடைக்குச் சமம். எனவே காற்றிலுள்ள தூசு அனைத்தையும் வடிகட்டியில் பிடித்து எடை போட்டால், சில பெரிய துகள்களே தராசை இறக்கிவிடும். பல்லாயிரம் நுண்துகள்கள் கணக்கில் மறைந்துபோகும். நம் நாட்டில் காற்றின் தரத்திற்கு முதன்முதலாக 1982இல் நெறியளவுகள் வகுக்கப்பட்டபோது அளக்கப்பட்டது இத்தகைய மொத்தத் தூசுதான். 1994இல் பத்து மைக்ரான் அளவு சேர்க்கப்பட்டது. 2009 நவம்பரில் வெளியிடப்பட்ட திருத்திய நெறியளவுகளில்தான் மொத்தத் தூசு கைவிடப்பட்டு, நுண்துகளுக்கு இடம் கிடைத்தது. காற்று மாசுத் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் 1981இல் இயற்றப்பட்டது என்பதை நோக்க, உடலுக்கு மிகுதியாக ஊறு செய்யும் பகுதியை அளக்கத் தொடங்க நமக்கு இருபத்தெட்டு ஆண்டுகள் ஆயின. இதனை அலட்சியம் என்று கூறுவது முறையன்று. நுண்துகள் பற்றிய மருத்துவச் சான்றுகளே உலகெங்கும் 1990களில்தான் திரண்டன. ஆயினும் அளக்கப்படாத பொருளுக்குத் திட்டமும் இல்லை, நிதி ஒதுக்கீடும் இல்லை என்பது நிருவாகத்தில் பழகியோர் அறிந்ததே.

தோற்றுவாய்கள்

கொச்சியின் காற்றில் உள்ள துகள்கள் பல வழிகளில் வந்து சேர்கின்றன. கடலலை நுரை உடையும்போது எழும் உப்புத் துகள்கள் இயற்கையானவை. இவை பெரும்பாலும் பருமன் மிக்கவை, அதிகத் தீங்கற்றவை. சாலைத் தூசும் கட்டுமானத் தூசும் அடுத்து வருவன. துறைமுகத்திற்கும் வல்லார்பாடம் சரக்குப் பெட்டக முனையத்திற்கும் வந்து செல்லும் கனரக வாகனங்கள், பேருந்துகள், மீன்பிடி விசைப்படகுகள் ஆகியவற்றின் டீசல் புகை பிறிதொரு வகை. 2020 ஏப்ரல் முதல் நாடெங்கும் பாரத் நிலை-6 எரிபொருளும் வாகன நெறிகளும் நடைமுறைக்கு வந்ததால் புதிய வண்டிகளின் புகை வெகுவாகக் குறைந்துள்ளது. பழைய வண்டிகள் ஓயும் வரை அதன் முழுப் பயனும் கிட்டாது.

புகைபோக்கியிலிருந்து துகளாக வெளிவராமல், வளியாக வெளிவந்து வானில் துகளாக மாறுவனவும் உண்டு. நிலக்கரியும் கந்தகம் செறிந்த எண்ணெயும் எரியும்போது உண்டாகும் கந்தக டை ஆக்சைடு காற்றிலுள்ள ஈரத்துடனும் அம்மோனியாவுடனும் வினைபுரிந்து சல்பேட் நுண்துகளாகிறது. ஆலை ஓரிடத்திலும் துகள் வேறிடத்திலும் தோன்றுவதால், இவ்வகை மாசுக்குப் பொறுப்பாளியைச் சுட்டுவது கடினம். ஏலூரில் 1940களில் தொடங்கிய உரத் தொழிலும், அம்பலமுகளில் 1966 முதல் இயங்கும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் இம்மாவட்டத்தின் பொருளாதார முதுகெலும்பு என்பதில் ஐயமில்லை. எனினும் அவற்றின் புகைபோக்கிகளைக் கண்காணிப்பதோடு மாசுக் கட்டுப்பாடு முடிந்துவிடுவதில்லை.

ஏனெனில் துகள் மாசின் கணிசமான பகுதி சிறு தீக்களிலிருந்து எழுகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, கல்வியிலும் நல்வாழ்விலும் முன்னணியில் நிற்கும் கேரளத்தில் அறுபது விழுக்காட்டிற்கும் மேற்பட்ட வீடுகள் சமையலுக்கு விறகையே முதன்மையாகக் கொண்டிருந்தன. எரிவாயு வந்த பின்னரும், அரிசி வேகவைக்கவும் வெந்நீர் காய்ச்சவும் விறகடுப்பைத் தனியே வைத்திருக்கும் வழக்கம் பல வீடுகளில் தொடர்கிறது. தென்னை மட்டையும் சிரட்டையும் விலையின்றிக் கிடைக்கும்போது அதனைக் குறை கூறுவதும் எளிதன்று. காலையில் முற்றம் பெருக்கிச் சருகுகளோடு பிளாஸ்டிக் உறைகளையும் சேர்த்துக் கொளுத்துவது மற்றொரு வழக்கம். கொசுவுக்குப் பேர் போன கொச்சியில், மாலையானதும் கொசுவர்த்திச் சுருள் எரியாத வீடு அரிது. சீனாவிலும் மலேசியாவிலும் விற்பனையான சுருள்களை ஆராய்ந்து 2003இல் வெளியான ஆய்வொன்று, ஒரு சுருள் முழுதும் எரியும்போது வெளிப்படும் நுண்துகளின் எடை 75 முதல் 137 சிகரெட்டுகள் எரிவதற்கு ஈடானது எனக் கண்டறிந்தது. சன்னல்களை அடைத்துக்கொண்டு, குழந்தையின் தலைமாட்டில் சுருளைக் கொளுத்தி வைக்கும் பெற்றோர் இதனை அறிந்திருக்க வாய்ப்பில்லை.

குப்பைத் தீ இவை எல்லாவற்றிலும் கொடியது. உணவுக் கழிவும் பிளாஸ்டிக்கும் பிரிக்கப்படாமல் ஒன்றாகக் குவிக்கப்பட்டால், உட்பகுதியில் காற்றின்றி அழுகும் கழிவு மீத்தேன் வளியையும் வெப்பத்தையும் தோற்றுவிக்கிறது. சுற்றிலும் உள்ள பிளாஸ்டிக் எரிபொருளாக அமைகிறது. அத்தகைய மேட்டில் தீப்பிடித்தால் அது போதிய காற்றின்றிக் குறைந்த வெப்பத்தில் புகைந்துகொண்டே இருக்கும். நன்கு எரியும் நெருப்பைவிடப் புகையும் நெருப்பே அதிக நுண்துகளை வெளியிடும் என்பது விறகடுப்பு ஊதியோர் அனைவரும் அறிந்த உண்மை. அத்துடன், குளோரின் கலந்த பிளாஸ்டிக் இவ்வாறு எரிகையில் டையாக்சின் முதலிய நச்சுப் பொருட்கள் தோன்றிக் கரித்துகள்களின் மேல் ஒட்டிக்கொள்கின்றன. அப்போது துகள் தானே நஞ்சாக இருப்பதோடு, பிற நஞ்சுகளைச் சுமக்கும் வாகனமாகவும் ஆகிறது.

உடலினுள் நிகழ்வது

மூக்கிலுள்ள மயிரும் சளிப்படலமும் பத்து மைக்ரானுக்கு மேற்பட்ட துகள்களில் பெரும்பாலானவற்றைத் தடுத்துவிடுகின்றன. அதற்குக் குறைந்தவை மூச்சுக் குழல்களில் படிகின்றன. அங்குள்ள நுண்மயிர்கள் அவற்றைச் சளியோடு மேலே தள்ளுகின்றன. இருமல் என்பது இக்காவல் பணியின் ஓசையே. இரண்டரை மைக்ரானுக்கு உட்பட்டவை இக்காவலையும் கடந்து, நுரையீரலின் இறுதிச் சிற்றறைகளை அடைகின்றன. அங்கே நுண்மயிர்கள் இல்லை. வெள்ளணு இனத்தைச் சேர்ந்த விழுங்கு அணுக்கள் துகள்களைச் சூழ்ந்து விழுங்க முயல்கின்றன. அம்முயற்சியில் அழற்சி உண்டாகிறது. அழற்சியால் தூண்டப்பட்ட பொருட்கள் குருதியில் கலந்து, அதன் உறையும் தன்மையை மிகுவித்து, நாளங்களின் உட்சுவரைக் கெடுக்கின்றன. மிக நுண்ணிய துகள்கள் தாமே குருதிக்குள் நுழைந்துவிடுதலும் உண்டு.

இதனால் தூசினால் வரும் நோய் ஆஸ்துமாவும் மூச்சுக்குழல் அழற்சியும் மட்டுமே என்ற பொதுக் கருத்து திருத்தம் பெற வேண்டியதாகிறது. துகள் மாசினால் நேரும் இறப்புகளில் பெரும் பகுதி மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றால் நேர்வன. நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், சிறுவர்க்கு வரும் கீழ் மூச்சுப் பாதைத் தொற்று, நுரையீரல் புற்று ஆகியவையும் இவற்றோடு சேரும். புற்றுநோய் ஆராய்ச்சிக்கான பன்னாட்டு முகமை 2013இல் வெளிப்புறக் காற்று மாசினையும் அதிலுள்ள துகள்களையும் மனிதருக்குப் புற்று விளைப்பன என உறுதியாக வகைப்படுத்தியது. மாரடைப்பால் இறந்தவரின் இறப்புச் சான்றில் தூசு என்ற சொல் இடம்பெறுவதில்லை. இம்மாசு அஞ்சப்படாமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஒருவர் நாளொன்றுக்குச் சுமார் பதினொரு கன மீட்டர் காற்றை உள்ளிழுக்கிறார். ஒரு கன மீட்டரில் 40 மைக்ரோ கிராம் நுண்துகள் உள்ள காற்றாயின், அவர் உட்கொள்வது நாள் முழுதும் அரை மில்லி கிராமிற்கும் குறைவு. ஒரு சிட்டிகை உப்பில் பல நூறில் ஒரு பங்கு. இத்துணைச் சிறிய அளவு இத்துணைக் கேடு விளைப்பதை முதலில் மருத்துவர்களே நம்பத் தயங்கினர். 1952 டிசம்பரில் இலண்டனை மூடிய புகைப்பனி ஐந்தே நாட்களில் ஆயிரக்கணக்கானோரைப் பலி கொண்டபோது, அது விதிவிலக்கான பேரிடராகவே கருதப்பட்டது. 1956இல் பிரிட்டன் தூய காற்றுச் சட்டம் இயற்றி வீட்டு அடுப்புகளின் கரிப்புகையைக் கட்டுப்படுத்தியது. பேரிடர் இல்லாத சாதாரண நாட்களின் காற்றும் ஆயுளைக் குறைக்கிறது என்பதை நிறுவியது 1993இல் வெளியான அமெரிக்க ஆறு நகர ஆய்வாகும். எண்ணாயிரத்திற்கும் மேற்பட்டோரைப் பதினான்கு முதல் பதினாறு ஆண்டுகள் வரை தொடர்ந்து கவனித்த அவ்வாய்வு, புகைபிடித்தல் முதலிய பிற காரணங்களைக் கழித்த பின்னரும், மாசு மிகுந்த நகரில் இறப்பு விகிதம் மாசு குறைந்த நகரைவிட 26 விழுக்காடு கூடுதலாக இருந்ததைக் காட்டிற்று.

இதனை மனத்திற்கொண்டு பிரம்மபுரத்தை நோக்கினால், பன்னிரண்டு நாள் புகை மக்களின் கவனத்தை ஈர்த்தது இயல்பே என்றாலும், எஞ்சிய முந்நூற்று ஐம்பது நாட்களின் காற்றுக்கு அக்கவனம் கிட்டவில்லை என்பது விளங்கும்.

நெறியளவு சொல்வதும் சொல்லாததும்

நம் நாட்டின் 2009ஆம் ஆண்டு நெறிப்படி நுண்துகளின் ஆண்டுச் சராசரி ஒரு கன மீட்டரில் 40 மைக்ரோ கிராமையும், ஒரு நாள் சராசரி 60 மைக்ரோ கிராமையும் தாண்டலாகாது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டு அளவுகளோ முறையே 5, 15. வளரும் நாடுகள் படிப்படியாக முன்னேறுவதற்கென அந்நிறுவனம் வகுத்துள்ள இடைக்கால இலக்குகளில் முதலாவதாகிய 35ஐவிடவும் நம் ஆண்டு அளவு உயர்ந்தது. பாலைவனத் தூசு வீசும் பெருநிலத்திற்கும், எரிபொருளில் இன்னும் விறகை நம்பும் மக்களுக்கும் 5 என்ற அளவை உடனே விதிப்பது நடைமுறைக்கு ஒவ்வாது என்பது உண்மை. ஆனால் நெறியளவு என்பது நிருவாகம் எட்டக்கூடிய இலக்கேயன்றி, அதற்குக் கீழே தீங்கில்லை என்று உடல் அளித்த உறுதிமொழி அன்று.

கொச்சியின் நிலை இங்குதான் சிக்கலாகிறது. இந்நகரின் ஆண்டுச் சராசரி பொதுவாக நாட்டின் நெறிக்குள் அடங்குவது. 2019 ஜனவரியில் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டம், நெறியளவைத் தொடர்ந்து மீறிய நகரங்களை மையமாகக் கொண்டது. அப்பட்டியலில் கேரள நகர் எதுவும் இல்லை. நிதி குறைவாக இருக்கும்போது நோய் முற்றிய இடத்திற்கு முதலில் மருந்து அனுப்புவது சரியே. அதன் பக்க விளைவாக, பட்டியலில் இல்லாத நகரங்கள் தம்மை நலமானவை எனக் கருதத் தொடங்கியதும் உண்மை. உலக அளவுகோலில் அவை நலமானவை அல்ல.

சராசரி என்ற கணக்கே சிலவற்றை மறைக்கிறது. வைற்றிலயில் உள்ள தானியங்கி நிலையம் வைற்றிலயின் காற்றை அளக்கிறது. பள்ளுருத்தியின் ஒடுங்கிய சந்தில் விறகடுப்பின் முன் அமர்ந்திருக்கும் பெண் உள்ளிழுக்கும் காற்றை அது அளப்பதில்லை. சாலையோரத் தேநீர்க் கடைக்காரரின் காற்றையும் அளப்பதில்லை. குழந்தைகள் தம் உடல் எடைக்குப் பெரியவர்களைவிட அதிகக் காற்றை உள்ளிழுப்பவர்கள். ஒரே எண் நகரிலுள்ள அனைவருக்கும் பொருந்தும் எனக் கொள்வது, ஒரே தனிநபர் வருமானம் அனைவருக்கும் கிடைக்கிறது எனக் கொள்வதற்கு ஒப்பானது.

செலவு யார் கணக்கில்?

ஆங்கிலப் பொருளியல் அறிஞர் பிகூ, நலப் பொருளாதாரம் பற்றி 1920இல் வெளியிட்ட நூலில், ஆலைப் புகையை ஓர் எடுத்துக்காட்டாகக் கையாண்டார். ஆலை முதலாளியின் கணக்கில் ஏறாத செலவு, நகர மக்களின் கூடுதல் சலவைச் செலவாக வெளிப்படுகிறது என்பது அவர் கூற்று. ஃபோர்ட் கொச்சி தோபிக்கானாவில் தலைமுறை தலைமுறையாக வெளுத்து வரும் தமிழ்க் குடும்பங்களுக்கு இக்கருத்தை விளக்க வேண்டியதே இல்லை. உலர்த்திய வெள்ளைத் துணியில் கரி படிந்தால் மறுபடியும் வெளுக்க வேண்டும், அதற்குக் கூலி கொடுப்பார் இல்லை. துணியில் படிந்ததைக் கண்டு கொள்ளலாம். நுரையீரலில் படிந்தது தெரிவதில்லை என்பதே வேறுபாடு.

குப்பை மேலாண்மை இக்கோட்பாட்டுக்கு ஏற்ற எடுத்துக்காட்டு. வீடுதோறும் கழிவைத் தரம் பிரித்துப் பெறவும், உணவுக் கழிவை உரமாக்கவும் ஆகும் செலவு மாநகராட்சி வரவு செலவுத் திட்டத்தில் பளிச்செனத் தெரிகிறது. பிரிக்காமல் குவித்தலால் நேரும் செலவோ ஒரு பெண்ணின் மருந்துச் சீட்டிலும், ஒரு தொழிலாளியின் இழந்த கூலியிலும், ஒரு குழந்தையின் தவறிய பள்ளி நாட்களிலும் சிதறிக் கிடக்கிறது. எனவே மலிவான வழி என ஏட்டில் தோன்றுவது உண்மையில் மிக விலையுயர்ந்த வழியாக முடிகிறது. பிரம்மபுரம் ஆலை 2008இல் தொடங்கப்பட்டது. சதுப்பு நிலத்தில் எழுப்பிய கட்டடங்கள் விரைவிலேயே சீர்குலைந்தன. பிரிக்கப்படாத கழிவு மாநகராட்சியிலிருந்து மட்டுமன்றி அண்டை நகராட்சிகளிலிருந்தும் வந்து குவிந்தது. 2019 பிப்ரவரியிலும் அங்குப் பெருந்தீ ஏற்பட்டது. எச்சரிக்கை கிடைக்கவில்லை என்று எவரும் கூற இயலாது. 2023 மார்ச்சில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் மாநகராட்சிக்கு 100 கோடி ரூபாய் சுற்றுச்சூழல் இழப்பீடு விதித்தது; கேரள உயர்நீதிமன்றமும் தானாக முன்வந்து வழக்கினை ஏற்று நிலைமையைக் கண்காணித்தது. சிதறிக் கிடந்த செலவில் ஒரு பகுதி இவ்வாறு எண்ணாக ஏட்டில் ஏறியது. ஆனால் மாநகராட்சியின் பணமும் மக்களின் வரிப்பணமே. புகையைச் சுவாசித்தவரே அபராதத்தையும் செலுத்தும் நிலை இது.

நாடு முழுவதற்குமான கணக்கும் உண்டு. 2019ஆம் ஆண்டில் காற்று மாசினால் இந்தியாவில் 16.7 இலட்சம் பேர் உயிரிழந்ததாகவும், அது அவ்வாண்டின் மொத்த இறப்புகளில் 17.8 விழுக்காடு என்றும், உற்பத்தி இழப்பு உள்நாட்டு மொத்த உற்பத்தியில் 1.36 விழுக்காடு என்றும் இந்திய ஆய்வாளர்கள் பலர் சேர்ந்து நடத்திய ஆய்வு மதிப்பிட்டது. இவற்றுள் ஏறத்தாழ 6 இலட்சம் இறப்புகள் வீட்டினுள் எரியும் அடுப்புப் புகையால் நேர்ந்தவை. 2016 மே முதல் நாள் தொடங்கிய உஜ்வலா திட்டத்தின் வழி கோடிக்கணக்கான வீடுகளுக்கு எரிவாயு இணைப்புக் கிடைத்துள்ளது. இணைப்பு வேறு, தொடர்ந்து பயன்படுத்துதல் வேறு. இரண்டாவது உருளை வாங்கும் விலை குடும்பத்திற்குக் கட்டுபடியாகாவிட்டால் விறகடுப்பு மீண்டும் மூட்டப்படும்.

தோற்றுவாயிலேயே தடுத்தல்

காற்றில் கலந்துவிட்ட துகளைத் திரும்பப் பிடிக்கப் பொருளாதார முறையில் ஏற்ற வழி எதுவும் இல்லை. தெருக்களில் நீர் தெளித்தால் பருந்தூசு அடங்கும், நுண்துகள் அடங்காது. சாதாரணத் துணி முகக்கவசமும் அதற்குப் போதாது. என்-95 வகைக் கவசம் 0.3 மைக்ரான் துகள்களில் 95 விழுக்காட்டைத் தடுக்க வல்லது. ஆனால் முகத்தோடு இடைவெளியின்றிப் பொருந்த வேண்டும், நாள் முழுதும் அணிந்து உழைப்பதும் எளிதன்று. மீன் ஏற்றி இறக்கும் தொழிலாளியிடம் அதனை எதிர்பார்க்க இயலாது. ஆகவே துகள் தோன்றும் இடத்திலேயே தடுப்பதுதான் மலிவானது.

2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் கழிவைத் தோன்றும் இடத்திலேயே பிரிக்கும் கடமையை ஒவ்வொரு வீட்டிற்கும் விதித்தன. திறந்த வெளியில் எரிப்பதைத் தடை செய்தன. அதே ஆண்டு டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், குப்பையை எரிப்போருக்கு 5,000 ரூபாயும், பெருமளவில் எரிப்போருக்கு 25,000 ரூபாயும் இழப்பீடு விதிக்க ஆணையிட்டது. சருகு கொளுத்தும் மூதாட்டியிடம் ஐயாயிரம் ரூபாய் வசூலிக்கத் துணியும் சுகாதார ஆய்வாளர் அரியர். வசூலிக்கத்தான் வேண்டுமா என்பதும் கேள்வியே. சருகைப் பெற்றுச் செல்ல ஆளிருந்தால் அவர் கொளுத்தப் போவதில்லை.

அத்தகைய ஆட்களைக் கேரளம் உருவாக்கியுள்ளது. ஹரித கர்ம சேனை என்னும் மகளிர் குழுக்கள் வீடுதோறும் சென்று, சிறு கட்டணம் பெற்று, அழுகாத கழிவைச் சேகரிக்கின்றன. 2023 தீக்குப் பின்னர் இப்பணி மாநிலமெங்கும் விரைவுபடுத்தப்பட்டது. கட்டணம் கொடுக்க மறுக்கும் வீடுகளும், கழுவாத பிளாஸ்டிக்கை நீட்டும் வீடுகளும் இல்லாமலில்லை. பைகளைச் சுமந்து மாடிப்படி ஏறும் இப்பெண்கள் மாசுக் கட்டுப்பாட்டு அலுவலர் பட்டியலில் இல்லை. ஆனால் எரியக்கூடிய ஒரு கிலோ பிளாஸ்டிக் தெருவில் எரியாமல் தடுக்கப்படுவது அவர்கள் கையில்தான். பிரம்மபுரத்திலேயே, நாளொன்றுக்கு 150 டன் உணவுக் கழிவிலிருந்து அழுத்திய உயிரிவாயு தயாரிக்கும் ஆலையை அமைக்கும் பணியைப் பாரத் பெட்ரோலிய நிறுவனம் மேற்கொண்டது. இத்தகைய ஆலை பிளாஸ்டிக் கலவாத கழிவையே ஏற்கும். பள்ளுருத்தியின் சமையலறையில் வாளிகள் இரண்டாக இருந்தால்தான் பிரம்மபுரத்தின் ஆலை ஓடும்.

பழைய குப்பை மேட்டைத் தோண்டிச் சலித்து, மண், பிளாஸ்டிக், உலோகம் எனப் பிரித்தெடுக்கும் பணி தனி. தோண்டும்போதே தூசும் வளியும் எழும்; கோடையில் தீப்பிடிக்கும் வாய்ப்பும் உண்டு. அதனால் அப்பணி நடைபெறும் கிடங்கில் நீர்க்குழாய்களும் தீக் காவலும் ஆண்டு முழுதும் தேவை. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை அவை இரட்டிப்பாக்கப்பட வேண்டும். நுண்துகள் அளவி ஒன்று கிடங்கின் எல்லையிலும், மற்றொன்று இரவுக் காற்றின் போக்கில், நகரின் மேற்கே, பள்ளுருத்தியை ஒத்த நெருக்கமான குடியிருப்பிலும் நிறுவப்படுவது பயன் தரும். இன்று அளவிகள் ஆலைகளையும் பெருஞ்சாலைகளையும் சார்ந்தே உள்ளன. மக்கள் உறங்கும் இடத்தின் காற்று இனிமேல்தான் அளக்கப்பட வேண்டியுள்ளது.